கப்பலில் அக்கா உட்கார்ந்த இடம்

பெரம்பலூர்
24.6.2025

தம்பி பாவாடைக்கு, அக்கா பொன்னாயி எழுதுவது.

அன்றைக்குக் கப்பலில் அந்தப் பெரிய ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நீ மாற்றிப் பேசக் கூடாது. நான் இருந்தேன். நீ இருந்தாய். உன் பெண்டாட்டி வேணி கால் வலி என்று இரண்டு நாற்காலியைச் சேர்த்துப் போட்டு நீட்டிக்கொண்டு இருந்தாள். மூன்று நாள் சுற்றுலாக் கப்பலுக்கு எல்லோருக்கும் டிக்கெட் எடுத்த என் மகன் அறிவரசன் இருந்தான். மருமகள் சசிகலா இருந்தாள். பேத்தி இலக்கியா அவள் மடியில் மூச்சு இழுத்துக்கொண்டு கிடந்தாள். கல்யாணம் நிச்சயமான என் மகள் ஜோதி, மாப்பிள்ளையிடம் பேச சிக்னல் இல்லை என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு இருந்தாள். மேடையில் பட்டிமன்ற நடுவர் பாலசுந்தரம் சால்வையோடு இருந்தார். மற்றபடி ஊர் பேர் தெரியாத ஜனம் ஒரு கல்யாண மண்டபம் நிறைய.

போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடுதாசி. இதைத் தபால்காரர் உன் கையில் கொடுத்துவிட்டுப் போவார், கட் பண்ண முடியாது.

துறைமுகத்தில் இறங்கிய பிறகு நீ என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கிளாம்பாக்கத்தில் நாங்கள் திருச்சி பஸ்ஸுக்கு நிற்கிறோம், நீ வேணியை இழுத்துக்கொண்டு கும்பகோணம் பஸ் பக்கம் போய்விட்டாய். போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லவில்லை. அரும்பாவூர் சின்னம்மா வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு மட்டும் இலையில் வடை வைக்காமல் போனவளை நான் இன்றுவரை ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. அவள் இப்போது பல் விழுந்து உட்கார்ந்திருக்கிறாள், அப்போதும் பார்ப்பதில்லை. நீ என் கூடப் பிறந்தவன் என்பதால் எழுதுகிறேன்.

நான் என்ன தப்பு செய்தேன்? முதல் நாள் சாயந்திரத்திலிருந்தே நம் ரூம்கள் இருந்த வராந்தா முழுக்க சிகரெட் நாற்றம். குழந்தைக்கு இழுப்பு வந்து கப்பல் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய் முகத்தில் புகை மருந்து வைத்தார்கள். மறுநாள் காலையில் நீ உன் ரூம் பாத்ரூமில் பீடி பற்ற வைத்து, மேலே இருந்த மணி ஊரைக் கூட்டியது. யூனிபார்ம் போட்ட இரண்டு பேர் வந்தார்கள். நீ துண்டைக் கட்டிக்கொண்டு நின்றாய். அபராதம் போட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் பட்டிமன்றம். கப்பலில் புகைக்கு இடம் விட வேண்டுமா, அடியோடு நிறுத்த வேண்டுமா என்று. இரண்டு பக்கமும் பேசி முடித்துவிட்டு, உட்கார்ந்திருப்பவர்களும் பேசலாம் என்றார் நடுவர். மைக் என் கைக்கு வந்தது. நான் உண்மையைச் சொன்னேன். "எங்கூடப் பொறந்தவனே பாத்ரூம்ல ஒளிஞ்சு பீடி குடிச்சு மணி அடிக்க வெச்சான். எம்பேத்தி மூச்சுக்குத் தவிக்குது. இவனுங்களுக்கு எடமாம் எடம். கடல்ல தூக்கிப் போடுங்க அந்த எடத்த" என்றேன். ஜனம் கை தட்டியது. நீ எழுந்து போய்விட்டாய்.

ஆவணி பன்னிரண்டு ஜோதிக்குக் கல்யாணம். தாய்மாமன் நீ ஒருவன்தான். நீ மாலை எடுத்துக் கொடுத்து, கையைப் பிடித்துக் கூட்டிவராமல் என் மகள் மணவறையில் உட்கார மாட்டாள். வருகிறாயா இல்லையா என்று எழுது.

பொன்னாயி

*

மீன்சுருட்டி
30.6.2025

அக்காவுக்கு,

கடுதாசி வந்தது. வேணிக்குக் கால் வீக்கம் வடியவில்லை. நான் சௌக்கியம்.

கல்யாணத்துக்கு நான் வர மாட்டேன். சீர் வந்து சேரும், வேணி கொண்டுவருவாள். மாலை எடுத்துக் கொடுக்க நம் சித்தப்பா மகன் திருமுருகனைக் கூப்பிட்டுக்கொள். முறைதான்.

ஏன் என்று கேட்பாய். நீ மைக்கில் பேசியதை எவனோ படம் பிடித்து அனுப்பி, அது இங்கே டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. நான் போனதும் ஒருவன் "டிங் டிங்" என்கிறான். முடி வெட்டப் போனால், "என்ன பெரியப்பா, மணி அடிச்சிருச்சா?" என்கிறான். முப்பது வருஷம் அரியலூர் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினேன். ஒருத்தன் என்னைப் பார்த்துச் சிரித்தது கிடையாது. இப்போது சிரிக்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாரும் அந்தப் படத்தைப் பார்த்திருப்பார்கள். ஜோதி கையைப் பிடித்து நான் நடந்து வரும்போது எவனாவது டிங் என்றால், அந்தப் பெண்ணுக்கு என்ன ஆகும்?

இன்னொன்று. பட்டிமன்றத்தில் பேசியவர்கள் ஒருத்தரும் ஒரு விஷயத்தைச் சொல்லவில்லை. வீட்டில் குடிக்காதே என்றால் வெளியே போவோம். பஸ்ஸில் குடிக்காதே என்றால் நிறுத்தத்தில் இறங்கிக் குடிப்போம். கப்பலில் வெளியே எங்கே இருக்கிறது? வெளியே என்றால் கடல். அதனால்தான் கப்பல்காரன் ஒரு மூலையில் இடம் விடுகிறான். விடாவிட்டால் குடிக்கிறவன் ஒளிவான். ஒளிகிற இடத்தில்தான் தீப்பிடிக்கும். லாரியில் டீசல் டேங்குக்குப் பக்கத்தில் ஒளிந்து குடித்தவனை எல்லாம் நான் பார்த்திருக்கிறேன்.

நீயும் வாயில் புகையிலை அடக்கிக்கொண்டுதான் மைக்கைப் பிடித்தாய். அதை நான் எழுந்து சொல்லவில்லை.

எனக்கும் அங்கே இடம் இருந்தது. போக முடியவில்லை. சரி, அதை விடு.

பாவாடை

*

பெரம்பலூர்
7.7.2025

பாவாடைக்கு,

திருமுருகனைக் கூப்பிடச் சொல்கிறாய். திருமுருகன் என் மகளுக்குத் தாய்மாமனா? அவள் பிறந்தபோது அரியலூர் ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க லாரியை நிறுத்திவிட்டு நின்றது அவனா? இந்த வார்த்தையையும் நான் மறக்க மாட்டேன்.

நேற்று ஜோதியும் நானும் பத்திரிகையும் வெற்றிலைபாக்குமாக உன் வீட்டுக்கு வந்தோம். வேணி வாங்கிக்கொண்டாள். நீ கொல்லைப் பக்கம் இருந்தது எனக்குத் தெரியும். உன் செருப்பு வாசலில் கிடந்தது. ஜோதி "மாமா, மாமா" என்று கூப்பிட்டாள். நீ இருமினாய், வரவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அதையும் எழுதி வைக்கிறேன்.

புகையிலையைச் சொல்லிக் காட்டுகிறாய். நான் மெல்வது என் வாயோடு போச்சு. கெட்டாலும் என் ஈறு கெடும். நீ ஊதுவது அடுத்த வீட்டுக் குழந்தையின் நெஞ்சுக்குப் போகிறது. இரண்டும் ஒன்றா? நடுவர் பாலசுந்தரத்தையே கேட்டுப் பார்.

உனக்கு இடம் இருந்தது என்கிறாய். எந்த இடம்? நான் மூன்று நாளும் கப்பலில் உட்கார்ந்தவள். மேல் மாடியில் பின்பக்கம், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகிற நுரை தெரியும், அங்கே ஓரமாக மூன்று நாற்காலி. நல்ல காற்று. காலையில் காப்பி குடித்துவிட்டுப் போய் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பேன். அங்கே ஒருத்தன் ஊதி நான் பார்க்கவில்லை. அந்தப் பக்கம் வந்த ஆம்பிளைகள் எல்லாம் என்ன மரியாதை தெரியுமா? என்னைப் பார்த்ததும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "உக்காருங்கம்மா, உக்காருங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். நரைத்த தலை, நல்ல பேண்ட் சட்டை போட்டவர்கள். ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்திருக்கிறாளே, பக்கத்தில் போய் உட்காரக் கூடாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கப்பல் ஆள் ஒருத்தன் மட்டும் இந்தியில் என்னமோ சொல்லிக்கொண்டே கையை ஆட்டினான். முறுக்குக் கேட்கிறான் போல என்று இரண்டு எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அப்படி இருக்க, உன் இடம் எங்கே இருந்தது? அங்கே போகாமல் ஏன் பாத்ரூமுக்குள் போனாய்? அதற்குப் பதில் எழுது.

பொன்னாயி

*

மீன்சுருட்டி
12.7.2025

அக்காவுக்கு,

ஜோதி கூப்பிட்டபோது நான் வந்திருக்க வேண்டும். அது தப்பு. அவளிடம் சொல்.

நீ கேட்டதால் எழுதுகிறேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

நீ உட்கார்ந்திருந்தாயே, அதுதான் அந்த இடம்.

கப்பலில் பீடி சிகரெட் குடிக்க விட்டிருந்தது அந்த ஒரு மூலை மட்டும்தான். தலைக்கு மேலே இங்கிலீஷில் போர்டு இருந்தது. சிகரெட் படமும் போட்டிருந்தது, நீ அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். உன் நாற்காலிக்குப் பக்கத்தில் மணல் ரொப்பிய பித்தளைத் தொட்டி ஒன்று இருந்ததே, அது எதற்கு என்று நினைத்தாய்? நீ அதில் வெற்றிலை எச்சிலைத் துப்பியதை நானே பார்த்தேன். அது சிகரெட் துண்டு போடுவதற்கு.

உனக்கு மரியாதை கொடுத்தவர்கள் எல்லாம் குடிக்க வந்தவர்கள். முதுகுக்குப் பின்னால் ஒளித்தது பாக்கெட்டை. ஒரு வயசான அம்மா உட்கார்ந்திருக்கும்போது எதிரே நின்று ஊத நம் ஆட்களுக்கு மனசு வருமா? திரும்பிப் போனார்கள். எங்கே போவார்கள்? ரூமுக்கு. கதவைச் சாத்திக்கொண்டு, துண்டைக் கதவுக்கு அடியில் வைத்துக்கொண்டு. அடிக்கிற மணி யாருக்கு அடித்தது, யாருக்கு அடிக்கவில்லை என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

நானும் வந்தேன். முதல் நாள் வந்தேன், நீ இருந்தாய். சாப்பாட்டு நேரத்தில் வந்தேன், நீ இன்னும் எழுந்திருக்கவில்லை. மறுநாள் விடிந்ததும் வந்தேன், எனக்கு முன்னால் வந்து சேலையைப் போர்த்திக்கொண்டு கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். இத்தனை வருஷத்தில் உன் எதிரே நான் ஒரு பீடி பற்ற வைத்தது உண்டா? நம் அப்பன் போன பிறகு எனக்கு அடித்துச் சோறு போட்டது நீ. பந்தலுக்குப் பின்னால், மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால், லாரிக்குப் பின்னால் போய்க் குடிப்பேன். "அக்கா, கொஞ்சம் எந்திரி, நான் பீடி குடிக்கணும்" என்று எந்த வாயால் சொல்வது? அதனால்தான் பாத்ரூம்.

உனக்குப் பயந்து ஒளிந்தவனைத்தான், ஒளிந்தான் என்று நீ மைக்கில் சொன்னாய்.

யாரும் உன்னிடம் சொல்லவில்லையா என்று மட்டும் கேட்காதே.

பாவாடை

*

பெரம்பலூர்
18.7.2025

பாவாடைக்கு,

உன் கடுதாசியைப் படித்துவிட்டு உலையில் அரிசி போட்டதையே மறந்துவிட்டேன். சோறு அடிப்பிடித்து ஜோதி ஓடி வந்தாள். "என்னம்மா ஆச்சு?" என்கிறாள். என்ன சொல்வேன்? உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை.

நான் ஒரு இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், அந்தப் புகை முழுக்க வராந்தாவுக்குள் போய், என் பேத்திக்கு மூச்சு அடைத்தது. அப்படித்தானே? நீ அதை எழுதவில்லை. நானே கூட்டிப் பார்த்துக்கொண்டேன். குழந்தை டாக்டர் ரூமில் அந்த முகமூடியோடு என்னைப் பார்த்த பார்வை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

உன் வக்கீல் பேச்சை நான் ஒப்புக்கொண்டேன் என்று நினைக்காதே. இப்போதும் சொல்கிறேன், கப்பலில் புகை கூடாது. இடம் விட்டார்கள், ஒரு கிழவி உட்கார்ந்ததும் அந்த இடம் போச்சு. நாளைக்கு மழை பெய்தால் போகும், காற்று திரும்பினால் போகும். இப்படிப்பட்ட இடத்தை நம்பி நூறு குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போகலாமா? மூன்று நாள் பொறுக்க முடியாதவன் கரையிலேயே இருக்கட்டும். ஆனால் போர்டு போட்டு இடம் கொடுத்துவிட்டு, அங்கே ஒருத்தன் போக முடியாமல் செய்து, பிறகு ஒளிந்தான் என்று அபராதம் வாங்குவது நியாயம் இல்லை. அதையும் சொல்கிறேன்.

யாரும் சொல்லவில்லையா என்று கேட்காதே என்கிறாய். கேட்கத்தான் போகிறேன். என் ஞாபகம் உனக்குத் தெரியும். கப்பல் ஏறிய அன்று நான் நீச்சல் குளத்துப் பக்கம் உட்காரப் போனேன். அறிவரசன் வந்து கையைப் பிடித்தான். "இங்க சத்தமா இருக்கும்மா. உனக்குன்னு நல்ல எடம் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன் வா" என்று லிப்டில் ஏற்றி, வளைத்து வளைத்துக் கூட்டிப்போய் அந்த நாற்காலியில் உட்கார வைத்தான். "எந்திரிச்சுப் போயிடாத, அப்புறம் எடம் போயிடும்" என்றான். சென்னையில் கம்பெனியில் இங்கிலீஷிலேயே பேசிச் சம்பாதிக்கிறவன். அவனுக்குப் போர்டு படிக்கத் தெரியாதா?

நேற்று ஜோதியிடம் அந்தப் படத்தைக் காட்டச் சொன்னேன். நான் மைக்கில் கத்துகிறேன், நீ எழுந்து போகிறாய், படம் உன் பின்னாலேயே வாசல்வரை போகிறது. படம் பிடித்தவன் கிட்டத்தில் சிரிக்கிற சத்தம் கேட்கிறது. பெற்றவளுக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு?

உனக்கு முன்பே தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் ஒளியாமல் பதில் எழுது.

பொன்னாயி

*

மீன்சுருட்டி
24.7.2025

அக்காவுக்கு,

தெரியும்.

முதல் நாள் சாயந்திரமே அவன் என்னிடம் சொல்லிவிட்டான். "மாமா, அம்மாவ அங்க உக்கார வெச்சிட்டேன். மூணு நாளைக்கு உங்க பீடிக்கு லீவு" என்று முதுகில் தட்டினான். நானும் சிரித்தேன். சின்னப் பிள்ளையில் என் லாரி சாவியை ஒளித்து வைத்து விளையாடியவன். அந்த மாதிரி விளையாட்டு என்று விட்டுவிட்டேன்.

அவன் நல்லதுக்குத்தான் செய்தான், அக்கா. மாசி மாசம் திருச்சியில் என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தபோது கூட வந்தது அவன்தான். இன்னும் குடித்தால் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொன்னதை என்னிடம் சொல்லிவிட்டு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். உன்னிடம் சொல்லக் கூடாது என்று நான்தான் சத்தியம் வாங்கினேன். சொன்னால் கேட்க மாட்டேன், கடையில் வாங்காதே என்றால் கேட்க மாட்டேன், உன்னை உட்கார வைத்தால் மட்டும்தான் கேட்பேன் என்று அவனுக்குத் தெரியும். படத்தை அவன் சொந்தக்காரர் குரூப்பில் மட்டும் போட்டானாம். அது ஊர் சுற்றும் என்று நினைக்கவில்லையாம். போன வாரம் போனில் அழுதான்.

ஒன்று சொல்கிறேன் கேள். கல்யாணத்துக்கு நான் வருகிறேன். டிங் என்கிறவன் சொல்லிக்கொள்ளட்டும், ஜோதி கையை நான்தான் பிடிப்பேன். அவள் தனியாக ஒரு நாள் வந்து இங்கே உட்கார்ந்து பேசிவிட்டுப் போனாள், அதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். எனக்கு இரண்டு வேண்டும். மண்டபத்துக்குப் பின்னால் எங்காவது ஒரு மூலை, அந்தப் பக்கம் நீ வரக் கூடாது. பாதியாகக் குறைத்துவிட்டேன், அடியோடு விட இன்னும் முடியவில்லை. இரண்டாவது, அறிவரசனை ஒன்றும் சொல்லாதே. விட்டுவிடு. உன் பிள்ளை.

பாவாடை

*

பெரம்பலூர்
4.8.2025

தம்பி பாவாடைக்கு, அக்கா எழுதுவது.

நீ வருகிறாய் என்று சொன்னதும் ஜோதி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பிறகு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

நெஞ்சை நீ ஏன் என்னிடம் மறைத்தாய் என்பதை உன் முகத்துக்கு நேரே கேட்கிறேன். கடுதாசியில் கேட்டால் திட்டு பத்தாது.

மண்டபத்தைப் போய்ப் பார்த்தேன். சமையல் கொட்டகைக்கு அந்தப் பக்கம் வேண்டாம், கேஸ் சிலிண்டர் வைக்கிறார்கள், பிள்ளைகள் அப்பளத்துக்கு ஓடுகிறார்கள். கிணற்றுக்கு மேற்கே வேப்பமரம் ஒன்று நிற்கிறது. அங்கே நாற்காலியும் ஒரு வாளி மணலும் போடச் சொல்லியிருக்கிறேன். ஆள் கேட்டார், எதற்கு என்று. "எந்தம்பிக்கு" என்றேன். நான் அந்தத் திசையில் திரும்ப மாட்டேன். அதற்காக நீ குடிப்பதை ஒப்புக்கொண்டேன் என்று வெளியே சொல்லித் திரியாதே.

போன ஞாயிற்றுக்கிழமை அறிவரசன் வந்திருந்தான். கேட்டேன். "மாமா நல்லதுக்குத்தான்மா" என்றான். "ஏன்டா, அப்ப மைக்க ஏன்டா எங்கையில குடுத்த?" என்றேன். ஆமாம் பாவாடை, நடுவர் கொடுத்தது இல்லை. நடுவர் மைக்கை முன் வரிசையில் நீட்டினார், அதை வாங்கி, "அம்மா பேசு, மாமாவப் பத்திப் பேசு" என்று என் கையில் திணித்தது அவன். நீ ஏன் பாத்ரூமில் போய்க் குடித்தாய் என்று அந்த ஹாலிலேயே தெரிந்தவர்கள் நீயும் அவனும்தான். நீ வாய் திறக்கவில்லை. அவன் படம் பிடித்தான்.

அதனால் நீ கேட்ட இரண்டாவதற்குப் பதில் இது. சிரித்த ஜனத்தை நான் மன்னித்துவிட்டேன், அவர்களுக்கு என்ன தெரியும். நடுவர் பாலசுந்தரத்தை மன்னித்துவிட்டேன். அபராதம் போட்டவர்களை மன்னித்துவிட்டேன், அவர்கள் வேலை அது. மணலில் துப்பியதற்கு அந்தக் கப்பல் ஆள் என்னை மன்னிக்கட்டும். கிளாம்பாக்கத்தில் நீ சொல்லாமல் போனதைக்கூட விட்டுவிட்டேன். டீக்கடையில் டிங் என்றவன் பேரை மட்டும் நேரில் சொல், அவனைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

ஆனால் ஒருத்தன் இருக்கிறான். நீ என்மேல் வைத்திருக்கிற மரியாதையை, எனக்கே தெரியாமல் எடுத்து, உன்னைக் கட்டிப்போடக் கயிறாகத் திரித்தான். அந்தக் கயிற்றின் நுனியை என் கையிலேயே கொடுத்து இழுக்கச் சொன்னான். நான் இழுத்தேன், கை தட்டினார்கள், அவன் சிரித்தான். கல்யாணத்தில் அவன் பந்தியைப் பார்ப்பான், வாசலில் நின்று வரவேற்பான், பெண்ணுக்கு அண்ணன் செய்ய வேண்டியதை எல்லாம் செய்வான். நான் தடுக்க மாட்டேன். சோறும் போடுவேன். ஆனால் மன்னிப்பு என்று ஒன்று என்னிடம் இருந்தால் அது அவனுக்குக் கிடையாது. நான் பெற்ற மூத்த பிள்ளை, அறிவரசன்.